பத்துக்கு ஏழு

என் கணவர் ஓட்டும் பதினேழாம் எண் பேருந்தில் தினமும் ஏறுகிறவர்களுக்கு என் மகளின் பாதங்களைப் பற்றி எல்லாம் தெரியும்.

திங்கட்கிழமை காலை முதல் நடையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன், அவர் முன் இருக்கைப் பக்கம் திரும்பி, "இந்த வாரமும் பத்துக்குப் பத்து" என்பார். புதிதாக ஏறியவர்கள் பரீட்சை மதிப்பெண் என்று நினைத்துக்கொண்டு எந்தப் பாடத்தில் என்று விசாரிப்பார்கள். முன் இருக்கையில் வழக்கமாக உட்காரும் குமாஸ்தாதான் விளக்கம் சொல்வார். "பரீட்சை இல்லீங்க. டிரைவர் பொண்ணோட கால்." அதற்கு மேலும் கேட்டவர்கள், கதை முடியாமல் தங்கள் நிறுத்தத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

கதை பெரிதில்லை. என் மகளுக்கு ஆறு வயதில் சர்க்கரை நோய் வந்தது. வயதானவர்களுக்கு வருகிற மாதிரி அல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடுகிற வகை. அன்றிலிருந்து தினமும் நாலு ஊசி. இப்போது அவளுக்குப் பதினாலு வயது. அவள் பதினோரு வயதைத் தொட்டபோது டாக்டரம்மா சொன்னார்: "இனிமே வருஷா வருஷம் காலையும் பாத்துடணும். சர்க்கரை ஏறி ஏறி இறங்கினா நரம்பு களைச்சுப் போகும். உடம்புலயே நீளமான நரம்பு கால் விரலுக்குப் போறது. அதனால அங்கதான் முதல்ல தெரியும். சின்னப் பிள்ளைங்களுக்கும் வரலாம். வலிச்சா பரவால்ல, வந்து சொல்லிடுவாங்க. பல நேரம் வலிக்காம சும்மா உணர்வு குறைஞ்சுட்டே போகும். அதத்தான் நாம தேடிப் பிடிக்கணும்."

பிடிக்கிற விதம் எளிது. ஒரு பிடியில் பொருத்திய நைலான் நூலால் பாதத்தில் பத்து இடங்களில் தொடுவார்கள். நூல் வளைகிற வரைக்கும்தான் அழுத்தம். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, தெரியும்போதெல்லாம் "ம்" சொல்ல வேண்டும்.

எனக்குத் தொழில் தையல். வீட்டின் முன்னறைதான் கடை. அந்த நூலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே தெரியாமல் பாவாடை ஓரம் மடித்துத் தைக்க நான் வைத்திருக்கும் நைலான் நூலின் அண்ணன்தான் அது. அன்றைக்கே கடையில் இருந்ததிலேயே தடித்த நூலாகப் பார்த்து வெட்டி, மை தீர்ந்த பேனாவில் செருகிக்கொண்டேன். வருடம் ஒரு தடவை எதற்குக் காத்திருக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ஊசி முடிந்ததும் அவள் சோபாவில் காலை நீட்டுவாள். நான் பத்து இடம் தொடுவேன், பத்து "ம்" வரும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் தேதி போட்டு '10' என்று எழுதுவேன். மூன்று வருடம், ஒரு ஞாயிறு தப்பியதில்லை. அவ்வளவு பத்துகள் வரிசையாக நிற்கிற கதவை யார் வீட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா? துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களைத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் சமையலறைக்கு அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன்.

இந்த வருடத்துப் பரிசோதனை ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை பள்ளிகளுக்கு இடையிலான தொடர் ஓட்டம். நாலு பேர் ஓடும் அணியில் கடைசியாக ஓடி முடிக்கிறவள் என் மகள். அப்பா வைத்த 'எக்ஸ்பிரஸ்' என்ற பட்டப்பெயர் பள்ளி மைதானம் வரைக்கும் போய்விட்டிருந்தது. அவள் ஓடலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை, கசங்காமல் இருக்க என் தையல் அளவுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். என் கணவர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு சீருடையோடே வந்துவிட்டார்.

மருத்துவமனையில் பிள்ளைகளின் கால்களைப் பார்க்கவே தனியாக ஒரு நர்ஸ் உண்டு. பிள்ளைகள் அவரைக் 'கால் அக்கா' என்பார்கள். உயரமான கட்டில், அதன் மேல் காகித விரிப்பு. என் மகள் ஷூவைக் கழற்றினாள். சாக்ஸைக் கழற்ற மட்டும் நேரமாயிற்று. வலது கால் கட்டைவிரலின் அடியில் ஒரு பிளாஸ்திரி.

"இது என்ன கண்ணு?" என்றார் கால் அக்கா.

"ஷூ கடிச்சுது."

"எப்பலேர்ந்து?" என்றேன் நான். எனக்கு இது செய்தி.

"நேத்துதான்மா. சின்னது."

"டாக்டர் பாப்பாங்க" என்று கால் அக்கா எழுதிக்கொண்டார். "இப்போ கண்ணை மூடு. தெரியறப்போ சொல்லு."

அவள் கண்ணை மூடினாள். கால் அக்கா கட்டைவிரலில் தொட்டார். "ம்." நடுவிரல். "ம்." எனக்கு இந்த இடத்தில் எப்போதும் நெஞ்சு நிமிரும். மூன்றாவதைத் தொடப் போன கால் அக்காவின் கை, பாதத்துக்கு மேலேயே நின்றுவிட்டது. நூல் காற்றில் நின்றது.

"ம்" என்றாள் என் மகள்.

நூல் அசையவில்லை. கால் அக்கா என்னைப் பார்த்தார். நான் நூலைப் பார்த்தேன்.

"ம்." சற்றுப் பொறுத்து, மறுபடியும், "ம்."

ஒவ்வொரு "ம்"மும் எந்தக் கணத்தில் வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. என் கை போகிற வேகம் அது. என் ஊசி துணியில் இறங்கி ஏறுகிற இடைவெளி அது.

"கண்ணைத் திற" என்றார் கால் அக்கா. குரலில் கண்டிப்பு இல்லை. "நான் போய் ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன். காலைல இருந்து தொண்டை நனையல. நீங்க வெளிய உக்காருங்க, திரும்பக் கூப்பிடறேன்." அவள் சாக்ஸ் போடும்போது என் பக்கம் குனிந்தார். "வீட்ல நீங்க பாக்கறதுண்டா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம."

"எப்படின்னு காட்டுங்க."

காகித விரிப்பின் மேல் விரலால் தொட்டுக் காட்டினேன். ஒரே வரிசை, ஒரே இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் "இங்க?" என்ற கேள்வி.

"தையல் வேலையா நீங்க?"

"ஆமா."

"நெனச்சேன்" என்றார். "கைல அளவு அப்படியே இருக்கு."

நடைவழியில் தரையோடு பொருத்திய நீல நாற்காலிகள். உயரம் பார்க்கச் சுவரில் வரைந்திருந்த ஒட்டகச்சிவிங்கிக்கு எதிரே என் கணவர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "பத்துதானே?" என்று எழுந்தார்.

எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கைப்பையிலிருந்து நூல் செருகிய என் பேனாவை எடுத்தேன். "ஷூவைக் கழட்டுங்க."

"எனக்கா? இங்கயா?"

"கழட்டுங்க."

"சாக்ஸ் ஓட்டைம்மா."

"தையல்காரி புருஷன் ஓட்டை சாக்ஸ் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வரலாமா?"

"தையல்காரிக்கு ஊருக்கெல்லாம் தைக்க நேரம் இருக்கு" என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் முறையிட்டுக்கொண்டே கழற்றினார். இவர் இப்படித்தான். எங்கள் கல்யாணத்துக்கு முன், புதுச் சீருடைக் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று என் கடைக்கு நாலு தடவை வந்தவர். நாலாவது தடவை வெட்டுவதற்குத் துணியே மிச்சமில்லை. வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"கண்ணை மூடுங்க. தெரியறப்போ 'ம்' சொல்லுங்க."

என் வழக்கமான வேகத்தில் மூன்று இடம் தொட்டேன். மூன்று "ம்". பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"ம்."

"இங்க?"

"ம்."

"இங்க?"

"ம். நல்லாத் தெரியுது."

பக்கத்து அம்மாள் சிரித்துவிட்டார். என் கணவர் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன?"

"நான் தொட்டு ரொம்ப நேரமாச்சு."

"அட" என்று அவரும் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. ஒட்டகச்சிவிங்கியின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஓசைப்படாமல் சாக்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவளே ஆரம்பித்தாள்.

"ஷூ கடிக்கலம்மா. உன் குண்டூசி."

"எது?"

"நீல மண்டை போட்டது. ஞாயித்துக்கிழமை நீ தொட்டுப் பாத்ததுக்கு அப்புறம் வீட்டுச் செருப்புல ஏறியிருந்துது. சாயந்தரம் கால் கழுவறப்போ தண்ணி சிவப்பா போச்சு, அப்பத்தான் பாத்தேன். காலைல இருந்து அதோட நடந்திருக்கேன்."

நூல் செருகிய பேனாவைக் கைப்பைக்குள் வைத்தேன்.

"எத்தனை நாளா இப்படி?" என்றார் அவர்.

"விரல்ல மட்டும்தான்ப்பா. மழை சீசன்லேர்ந்து. முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துது. அப்புறம் அதுவும் இல்ல. அம்மா தொடறது மத்த இடத்துல தெரியும். விரல்ல தெரியாது. ஆனா எப்ப தொடுவாங்கன்னு தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

அவள் என்னைப் பார்த்தாள். "முதல் வாரம் சொல்லலாம்னுதான் இருந்தேன். அம்மா ஏற்கெனவே எழுதற பேனாவை எடுத்துட்டு ஃப்ரிட்ஜ் கிட்ட போயிட்டாங்க. நீங்க வேற, பஸ் முழுக்கச் சொல்லியாச்சு. அப்புறம் செலக்‌ஷன் வந்துது. இப்போ தெரியலன்னு சொன்னா அந்தப் படிவத்துல யாரு கையெழுத்துப் போடுவா? கடைசி ஓட்டம் நான்தான்ப்பா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பஸ்ல ஒரு சிவப்பு விளக்கு இருக்கும் பாரு, பிரேக்ல கோளாறுன்னா..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா, பஸ் கதை வேணாம்."

"சரி" என்று நிறுத்திக்கொண்டார்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஊசி கிடந்தது என் தப்பு. கடையை மட்டும் காந்தம் போட்டுப் பெருக்கிட்டு, உள்ளறையை விட்டுட்டேன். தாளம் போட்டுத் தொட்டதும் என் தப்பு. பத்து வரலன்னா மூஞ்சி எப்படிப் போகும்னு உனக்குப் பயம் வர்ற மாதிரி நடந்துகிட்டேன் பாரு, அது பெரிய தப்பு. இப்போ உள்ள போய் என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். உன் கால்."

அவள் கையை எடுக்கவில்லை. கதவு திறந்து கால் அக்கா எட்டிப் பார்த்தபோது அவளே முதலில் எழுந்தாள். நாங்கள் பின்னால் போனோம். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, பிளாஸ்திரியையும் தானே பிரித்து எடுத்தாள்.

"அக்கா, இது குண்டூசி குத்தினது. எனக்கு அப்ப தெரியல. போன தடவை நான் எண்ணிகிட்டு இருந்தேன். இந்தத் தடவை எண்ண மாட்டேன்."

"நல்லது" என்றார் கால் அக்கா. "நானும் ஒழுங்கா தொட மாட்டேன்."

குதிகாலில் ஆரம்பித்தார். "ம்." நீண்ட இடைவெளி. பாதத்தின் வெளி ஓரம். "ம்." சட்டென்று பாதத்தின் மேல்புறம். "ம்." பிறகு கட்டைவிரல். நூல் வளைந்தது. நான் பார்த்தேன், நன்றாகவே வளைந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு வருடத்தில் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஊசி வேண்டாம் என்ற அழுகை, எல்லாரும் கேக் சாப்பிடுகிற நேரத்தில் சர்க்கரை மீட்டரைப் பார்த்துவிட்டு "எனக்கு அப்புறம்" என்று சிரிக்கிற சிரிப்பு, பந்தயத்தில் ஜெயித்துவிட்டுப் போடுகிற கூச்சல். அந்த மௌனத்தைப் போல ஒன்று என்னை நிமிர வைத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, தெரியாததைத் தெரியாது என்று விட்டாள். அதற்கு விலை சனிக்கிழமை என்று தெரிந்தே விட்டாள். நடுவிரல். மௌனம். சுண்டுவிரல். மௌனம். இடது காலிலும் அதே மூன்று விரல்கள். என் கணவர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையனைப் போல நின்றார்.

"பத்துக்கு ஏழு" என்று கால் அக்கா எழுதினார். "ரெண்டு கால்லயும்."

அதிரும் கம்பி ஒன்றைக் கட்டைவிரலில் வைத்தும் பார்த்தார்கள். அதிர்வு நிற்பதற்கு முன்பே அவள் "நின்னுடுச்சு" என்றாள். பிறகு டாக்டரம்மா வந்து காயத்தைச் சுத்தம் செய்து, விளக்கைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"ஆழமா இல்ல, சீழ் இல்ல. தப்பிச்சே" என்றார் அவளிடம். "உணர்வு போயிடல, குறைஞ்சிருக்கு. அடுத்த வாரம் நரம்புல மின்சாரம் எவ்வளவு வேகமா போகுதுன்னு ஒரு டெஸ்ட் எடுத்துடலாம், சத்துக் குறைவு ஏதாவது இருக்கான்னு ரத்தத்துலயும் பாத்துடலாம். இந்த வயசுல வளர்ச்சி வேகத்துல சர்க்கரை தறிகெட்டு ஆடும், உன் மேல மட்டும் தப்பு இல்ல. அதைக் கட்டுக்குள்ள கொண்டு வந்தா இதை இங்கயே நிறுத்தப் பாக்கலாம். ஆரம்பத்துலயே பிடிச்சதால கொஞ்சம் திரும்பி வரவும் வாய்ப்பு இருக்கு. உறுதியா சொல்ல மாட்டேன்."

"சனிக்கிழமை?" என்றாள் மகள்.

"புண் இருக்கே கண்ணு. அது மூடற வரைக்கும் ஓடக் கூடாது."

"மூடினதுக்கு அப்புறம்?"

"அப்புறம் ஓடு. ஷூ போடறதுக்கு முன்னாடி உள்ள கையை விட்டுப் பாரு. ஓடி முடிச்சதும் ரெண்டு காலையும் திருப்பிப் பாரு. வெறுங்கால் கூடவே கூடாது. இதெல்லாம் செய்யறேன்னா, நான் எதுக்குத் தடுக்கணும்?"

அளவுப் புத்தகத்துக்குள் படிவம் கசங்காமல் அப்படியே இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் அழுதாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. நாங்கள் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, என் போனை வாங்கிப் பயிற்சியாளருக்கு அவளே பேசினாள். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன்.

"சார், நான் சனிக்கிழமை ஓடல... இல்ல சார், காய்ச்சல் இல்ல. சர்க்கரையால கால் விரல்ல உணர்வு குறைஞ்சிருக்கு, புண்ணும் இருக்கு... ஆமா சார், முன்னாடியே சொல்லியிருக்கணும். எனக்குப் பதிலா ரிசர்வ்ல இருக்கற நெட்டச்சியைப் போடுங்க. ஆனா அவ குச்சியை வாங்கறப்போ திரும்பித் திரும்பிப் பாப்பா சார். நாளைக்கு நான் வந்து நின்னு சொல்லித் தரேன்."

என் கணவர் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு எழுத்து மறைக்கல பாத்தியா" என்றார் என்னிடம் மெதுவாக. கண் ஓரத்தைத் துடைத்துக்கொண்டு, என் மெஷினில் தூசி அதிகம் என்று பழியை அதன் மேல் போட்டார்.

சனிக்கிழமை அவர்கள் அணிக்கு மூன்றாம் இடம். நெட்டச்சி திரும்பிப் பார்க்காமல்தான் குச்சியை வாங்கினாள். எங்கள் மகள் மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே, கத்திக் கத்தி அவர்களோடு ஓடிய ஓட்டத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

அன்று சாயந்தரம் அவள் என் காந்தத்தை ஒரு கட்டைக் கம்பின் நுனியில் கட்டிக்கொண்டு வீடு முழுக்க இழுத்துவந்தாள். உள்ளறையில் மட்டும் பதினோரு குண்டூசி. "உனக்கு இதுல எத்தனை மார்க் போடறது?" என்று அவற்றைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினாள்.

ஞாயிறு காலை, கால் அக்கா கொடுத்த சரியான நூலோடு உட்கார்ந்தேன். ஒழுங்கில்லாமல் தொடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. கை தானாக வரிசைக்குப் போகிறது. நடுவில் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன், வேண்டுமென்றே.

"அம்மா, தொட்டியா இல்லையா?"

"சொல்ல மாட்டேன்."

"நீ ரொம்ப மோசமா தைக்கிறம்மா."

ஏழுதான். ஃப்ரிட்ஜ் தாளில் தேதி போட்டு '7' என்று எழுதினேன். பத்துகளை எழுதிய அதே பேனா, அதே அளவு எழுத்து. மழைக்காலத்திலிருந்து எழுதிய பத்துகளை அடித்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்மா. எது பொய்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

திங்கட்கிழமை நூல்கண்டு வாங்க மொத்த விலைக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. பதினேழாம் எண்ணின் முதல் நடையில் நானும் ஏறினேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார், இருக்கையைச் சரிசெய்தார், மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். முன் இருக்கைப் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ன டிரைவர், இந்த வாரம் சத்தத்தையே காணோம்" என்றார் குமாஸ்தா. "பத்துக்குப் பத்துதானே?"

என் கணவர் துணியை மடித்து வைத்துவிட்டு முழுதாகத் திரும்பினார். தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டார்.

"ஏழு" என்றார். "பத்துக்கு ஏழு. யாரும் கேக்கல, அவளே சொன்னா."

மூன்று வருடமாகப் பத்தைச் சொன்ன குரலைவிட அது உரக்கவே இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

புதிதாக ஏறிய ஒருவர், "பரவால்லீங்க, அடுத்த பரீட்சைல பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொன்னார்.

"பரீட்சை இல்லீங்க" என்று குமாஸ்தா ஆரம்பித்தார்.

"இருங்க சார்" என்றார் என் கணவர், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "இந்தத் தடவை நான் சொல்றேன்."

அந்தப் புதியவர் எங்கே இறங்க வேண்டியவரோ தெரியாது. நான் இறங்கியபோதும் அவர் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.